ரஞ்சனியின் அண்ணா

வெளிநாட்டுப் பயணக் கட்டுரை எழுத விமானம் ஏறித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? கர்நாடக எல்லையில், பாலாற்றுச் சாவடியில் பஸ் நின்றது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் ஏறி, என் மடியில் இருந்த தெர்மோகோல் பெட்டியைக் காட்டி எனக்குப் புரியாத மொழியில் ஏதோ கேட்டார். நான் தலையை எல்லாப் பக்கமும் ஆட்டிவைத்தேன். அந்த நொடியிலேயே நான் வெளிநாடு போய்ச் சேர்ந்துவிட்டேன். நாற்பத்திரண்டு வயதில் திருப்பதியைத் தவிர வேறெதற்கும் தமிழ்நாட்டைத் தாண்டாதவளுக்கு இது போதாதா?

பெட்டியைத் திறந்து காட்டினேன். உள்ளே நாலு ஐஸ் பைகளும் என்னுடைய தக்காளி சாதமும் இருந்தன. வாசனை பிடித்ததும் அவர் முகம் மலர்ந்து இறங்கிப் போனார். சாம்பிள் பெட்டியில் சாப்பாடு வைத்தது வசந்தி மேடத்துக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். போகும்போது காலிப் பெட்டிதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் பெயர் மல்லிகா. சேலத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் லேப் டெக்னீஷியன். பரம்பரையாக வரும் வியாதிகளைப் பற்றி அங்கே ஆராய்கிறார்கள். ஆராய்வது வசந்தி மேடம். ரத்தம் எடுப்பதும், குடும்பத்தில் யார் யாருக்கு என்ன வந்தது என்று கேட்டுப் படம் போடுவதும் நான். அந்தப் படத்தில் ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம். வியாதி வந்தவர்களைக் கறுப்பு அடிப்போம், வராதவர்கள் வெள்ளை. வெள்ளையின் நடுவில் ஒரு புள்ளி வைத்தால், ஜீனில் பழுது இருக்கிறது, ஆனால் அவருக்கு வியாதி இல்லை என்று அர்த்தம். பதினாறு வருஷமாகப் போடுகிறேன். தூக்கத்தில் எழுப்பினாலும் போடுவேன். அந்தத் திமிர்தான் இந்தப் பயணத்தில் என் மானத்தை வாங்கியது.

விஷயம் இதுதான். மைசூரில் ரஞ்சனி என்று ஒரு பெண், இருபத்தேழு வயது, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. தோழி ஒருத்தியைப் பார்க்கச் சேலம் வந்தவள், வீட்டில் கழுத்துக் கட்டி வந்தவர் உண்டு என்பதால் எங்கள் கூடத்துக்கும் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். குடும்ப விவரத்தைப் பிறகு போனில் நான் கேட்டு எழுதினேன்.

"உங்க வீட்டுல யாருக்குங்க கழுத்துல கட்டி இருந்துச்சு?"

"அண்ணாக்கு."

"எந்த வயசுலங்க?"

"முப்பத்திரண்டுல ஆபரேஷன் ஆச்சு."

"அப்புறம்?"

"ஆமேலே ஒண்ணும் ஆகலை. சென்னாகே இத்ரு."

ஆமேலே என்றால் அப்புறம், சென்னாகே என்றால் நன்றாக. இந்த அளவுக்குக் கன்னடம் எனக்கும் தெரியும். 'நலம்' என்று எழுதிவிட்டு, ரஞ்சனியின் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டுக் கறுப்பு அடித்தேன்.

ரஞ்சனியின் ரத்தத்தில் கட்டிக்குக் காரணமான பழுது இருந்தது. இந்த வியாதியில் ஒரு விசித்திரம் உண்டு. பழுது அப்பாவிடமிருந்து வந்தால் கழுத்தில் கட்டி வரும். அதே பழுது, அதே இடத்தில், அம்மாவிடமிருந்து வந்தால் வராது. வந்தால் அது அபூர்வத்திலும் அபூர்வம். அண்ணனுக்குக் கட்டி வந்திருக்கிறது என்றால் பழுது அப்பா வழி வந்தது, அப்படியானால் தங்கைக்கும் அப்பா வழிதான். மேடம் ரஞ்சனியிடம் பக்குவமாகத்தான் சொன்னார்: கட்டி வர வாய்ப்பு அதிகம், வருஷா வருஷம் ஸ்கேன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. மறுநாளே அந்தப் பெண் கல்யாணத்தை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளைப் பையன் அதனாலென்ன என்கிறானாம். இவள்தான் மாட்டேன் என்கிறாள்.

அண்ணன், அப்பா, அம்மா மூன்று பேரின் ரத்தத்தையும் வாங்கி வா, சந்தேகமில்லாமல் உறுதி செய்துவிடலாம் என்று மேடம் என்னை அனுப்பினார். அதில் முக்கியமானது அண்ணாவின் ரத்தம்.

கொள்ளேகாலில் பஸ் மாற வேண்டும். டீக்கடை அம்மா "சக்கரை தூக்கலாப் போடட்டுங்களா?" என்றார். ஐயோ, எங்க ஊர்ப் பேச்சு! கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மைசூர் பஸ் எது என்று கேட்டேன். "அதா நிக்குது பாருங்க" என்று கை காட்டினார். கை காட்டிய பக்கம் மூன்று பஸ் நின்றன. பலகைகளில் ஓர் எழுத்துகூட எனக்குப் படிக்க வரவில்லை. கிட்டே இருந்ததில் ஏறி, ஜன்னலோரம் பிடித்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டேன்.

கண்டக்டர் எழுப்பி டிக்கெட் கேட்டபோதுதான் தெரிந்தது, அது ஹனூர் பஸ். அதாவது நான் வந்த வழியிலேயே திரும்பிப் போய்க்கொண்டிருந்தேன். கண்டக்டர் அதைக் கன்னடத்தில் பஸ் முழுவதுக்கும் அறிவித்தார். எல்லாரும் சிரித்தார்கள். பின் சீட்டுப் பெரியவர் மட்டும், "ஹனூரும் நல்ல ஊர்தானுங்க, வந்துட்டுப் போங்க" என்று தமிழில் ஆறுதல் சொன்னார். வழியில் இறங்கி, எதிர்ப்பக்கம் ஒரு பஸ் பிடித்து, மைசூர் வந்து சேர்ந்தபோது சாயங்காலம். ஐஸ் பை நாலும் கொழகொழவென்று உருகிப்போயிருந்தன.

தேவராஜ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். கீழே ஓட்டலில் இட்லி கேட்டேன். இட்லி பஞ்சு மாதிரி. சாம்பார்தான் இனித்தது. யாரோ கைதவறி வெல்லத்தைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துச் சப்ளையரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "வெல்லம் போடாவிட்டால் அதற்குப் பெயர் சாம்பாரா?" என்ற பொருளில் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினார். எங்கள் ஊரில் இப்படி ஒரு சாம்பார் வைத்தால் சம்பந்தமே முறிந்துவிடும். ஆனால் காபி! அதை மட்டும் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். இரண்டு குடித்தேன்.

இன்னொரு நல்ல விஷயமும் கண்டுபிடித்தேன். யாரையும் "அண்ணா" என்று கூப்பிட்டால் போதும், அங்கேயும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆட்டோக்காரர் அண்ணா, சப்ளையர் அண்ணா, லாட்ஜ் மேனேஜர் அண்ணா. இந்த ஒரு வார்த்தை இருந்தால் கர்நாடகம் முழுக்கச் சுற்றிவிடலாம் என்று என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஐஸ் தேடிப் புறப்பட்டேன். மார்கழி மாதத்துக் குளிரில் ஐஸ் கேட்கிற பொம்பளையை மார்க்கெட்டே விநோதமாகப் பார்த்தது. வாழையிலைக் கட்டு சுமந்து வந்த ஒருவர் நின்று, "என்னக்கா, மீன் பெட்டியா?" என்றார், நல்ல தமிழில். பெயர் முருகேசன், சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம், இருபது வருஷமாக இங்கே சுமை தூக்குகிறார். இலைக்கட்டை இறக்கி வைத்துவிட்டு, ஜூஸ் கடைக்காரரை எழுப்பி, என் பெட்டிக்கு ஐஸ் கட்டி உடைத்துத் தர ஏற்பாடு செய்தார். அவர் உடைத்து நாலு பையில் கட்டித் தருகிற வரை நின்று பேசினோம்.

"ரத்தத்தை எடுத்து என்னக்கா பண்ணுவீங்க?"

சொன்னேன். அப்பா வழி, அம்மா வழி விவகாரத்தையும் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"பழுது இருந்தா வியாதி வரணும். இல்லன்னா வரக்கூடாது. அதென்ன, அப்பன் குடுத்தா வரும், ஆத்தா குடுத்தா வராதுன்னு?"

எங்களுக்கு எதிரே இரண்டு குங்குமக் கடைகள் ஒட்டி ஒட்டி இருந்தன. ஒன்றில் மஞ்சளும் குங்குமமும் கோபுரம் கோபுரமாகக் குவித்திருந்தார்கள். இன்னொன்று பூட்டியிருந்தது.

"இது ரெண்டும் யாருதுங்ணா?"

"அண்ணன் தம்பியோடது. சரக்கெல்லாம் ஒண்ணுதான். தம்பி ஊருக்குப் போயிருக்கான், ஷட்டர் போட்டிருக்கு."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அவ்வளவுதானுங்க விஷயம். ஒவ்வொரு ஜீனுக்கும் நமக்கு ரெண்டு கடை. ஒண்ணு அப்பா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. பெரும்பாலும் ரெண்டும் திறந்திருக்கும். சிலதுல மட்டும் ஒண்ணுக்கு ஷட்டர் போட்டிருக்கும். ஜீன் மேல சின்னச் சின்னக் குறியா ஒட்டியிருக்கும், அதுதான் ஷட்டர். அந்தக் குறிங்க மொத்தத்துக்கும் எபிஜீனோம்னு பேரு. ஜீனை மட்டும் படிச்சா கடையில என்ன சரக்கு இருக்குன்னு தெரியும். கடை திறந்திருக்குதா மூடியிருக்குதான்னு தெரியணும்னா இந்தக் குறிங்களையும் சேர்த்துப் படிக்கணும்."

முருகேசன் மூடின கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப கெட்டுப்போன சரக்கு மூடுன கடையில கிடந்தா, யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுங்க. இந்த வியாதியில அம்மா குடுத்த கடைதான் மூடியிருக்கற மாதிரி இருக்குது. அந்த ஷட்டர் சரியா எந்த இடத்துல இருக்குது, எப்படி இறங்குதுன்னு இன்னும் முழுசாத் தெரியல. அதைத்தான் தேடிட்டு இருக்கறோம்."

"அந்தக் கடையையே அடுத்து பிள்ளைக்குக் குடுத்தா?"

"குடுக்கறது யாருங்கறதுதான் கணக்கு. ஆம்பளை குடுத்தா ஷட்டரைத் தூக்கிவிட்டுக் குடுப்பாரு. பொம்பளை குடுத்தா இறக்கிவிட்டுக் குடுப்பா. ஒவ்வொரு தலைமுறைக்கும் புதுசா."

"பொம்பளைங்க வெவரந்தான்" என்று சொல்லிவிட்டு, அவர் இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டார்.

ஐஸ் ஆயிற்று. அடுத்து ஆட்டோ. "அண்ணா, சாமுண்டிபுரம்" என்றேன். அவர் ஏதோ கேட்டார், நான் பலமாகத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குப் பலன் உடனே கிடைத்தது. அவர் கொண்டுபோய் இறக்கிய இடம் சாமராஜபுரம். அங்கிருந்து ரஞ்சனிக்குப் போன் போட்டேன். அவள் ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் பொரிந்து தள்ளினாள். அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "தங்கச்சிக்கு ரொம்பக் கோபம்" என்று தமிழில் சொன்னார். தமிழ் தெரிந்த மனுஷன்! முதலிலேயே பேசித் தொலைத்திருக்கலாம் அல்லவா?

மேல்கோட்டை வழி ஐயங்கார் குடும்பம். ரஞ்சனியின் அப்பா ரங்கராஜன் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர், பேச்சுக் குறைவு. அம்மா வைதேகி மாமி அதற்கும் சேர்த்துப் பேசுவார். கழுத்தைச் சுற்றி ஒரு மெரூன் ஸ்கார்ஃப், கரகரத்த குரல், வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கோ வாங்கோ. சாமராஜபுரமெல்லாம் சேவிச்சுட்டு வந்தேளாமே! மொதல்ல பொங்கல் சாப்பிடுங்கோ. ஆமேலே ரத்தம்."

"அம்மா, அவங்க வேலைக்கு வந்திருக்காங்க" என்றாள் ரஞ்சனி. பத்து நாளாகத் தூங்காத முகம். கையில் நிச்சயதார்த்த மோதிரம் இல்லை, அது இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

பொங்கல் நெய்யில் மிதந்தது. மாமி பரிமாறிக்கொண்டே மைசூர்க் குளிரைப் பற்றியும், சேலத்து மாம்பழத்தைப் பற்றியும், என் பெயர் மல்லிகா என்பதால் மல்லிகைப் பூவுக்குப் பேர்போன மைசூர் எனக்குப் பிறந்தவீடு என்றும் பேசினார். நான் கையைக் கழுவிவிட்டு, ஊசிகளையும் குழாய்களையும் மேஜையில் அடுக்கி, குடும்பப் படத்தை விரித்தேன்.

"மொதல்ல அண்ணாவைக் கூப்பிடுங்க. அவருகிட்ட எடுத்துட்டம்னா பாதி வேலை முடிஞ்சுதுங்க."

ரங்கராஜன் பேப்பரைத் தாழ்த்தினார். மாமி கரண்டியோடு நின்றார்.

"அண்ணாகிட்டயா? எப்படி எடுப்பேள்?"

"ஊசியிலதானுங்க மாமி. வலிக்காது."

"அண்ணா பரமபதிச்சு பன்னெண்டு வருஷமாச்சே!"

இவ்வளவு சின்ன வயதில் மகனைப் பறிகொடுத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பொங்கலைத் தின்றுவிட்டு, அவனைக் கூப்பிடுங்கள் என்கிறேனே! அவர் கை காட்டிய சுவரைப் பார்த்தேன். மாலை போட்ட படம். பளிச்சென்று திருமண், மூக்குக்கண்ணாடி, பொக்கை வாய்ச் சிரிப்பு. எண்பதுக்குக் குறையாது.

"இது யாருங்க?"

"அண்ணா."

"ரஞ்சனிக்கு?"

"தாத்தா. என்னைப் பெத்தவர்."

"தாத்தாவை எதுக்குங்க அண்ணான்னு கூப்பிடறீங்க?"

"எங்காத்துல அப்பாவை அண்ணான்னுதான் கூப்பிடறது. நான் அண்ணா அண்ணான்னு கூப்பிடறதைக் கேட்டுக் கேட்டு இவளும் அதையே பிடிச்சுண்டா. பால்காரன்கூட அண்ணான்னுதான் கூப்பிடுவான்."

"அப்ப ரஞ்சனிக்குக் கூடப்பொறந்த அண்ணன்?"

"இவ ஒருத்திதானே எங்களுக்கு!"

நான் படத்தைப் பார்த்தேன். ரஞ்சனியின் வட்டத்துக்குப் பக்கத்தில், பதினாறு வருஷ அனுபவத்தோடு, கறுப்புக் கட்டமாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். பிறக்காத ஒருவனுக்குக் கட்டி வரவைத்து, ஆபரேஷன் செய்து, 'நலம்' என்றும் எழுதிவைத்திருந்தேன். 'இத்ரு' என்றால் 'இருந்தார்' என்பதும் அந்த நேரத்தில்தான் மண்டையில் ஏறியது. இருக்கிறார் என்று அவள் சொல்லவே இல்லை.

அந்தக் கட்டத்தை அழித்தேன். மேலே, மாமியின் வட்டத்துக்கும் மேலே, ஒரு கட்டம் போட்டுக் கறுப்பு அடித்தேன். அண்ணா அங்கே போய் உட்கார்ந்ததும் படம் மொத்தமும் மாறிவிட்டது.

"மாமி, மாமா உங்களுக்குச் சொந்தமுங்களா? அத்தை மகன், மாமன் மகன் அப்படி?"

"இல்லையே, அசல்தான். ஏன்?"

சொந்தமென்றால் மாமா வழியாகவும் அந்தப் பழுது வந்திருக்கலாமே என்றுதான் கேட்டேன். மேடத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

"மல்லிகா, கூடப்பிறந்தவங்க எத்தனை பேருன்னு நீ கேட்டியா இல்லையா?"

"அண்ணான்னு சொல்லிட்டாங்களேன்னு..."

"வா, உன்னை வெச்சுக்கறேன்" என்றவர், குரலை மாற்றி ரஞ்சனியைக் கூப்பிட்டார். "நல்லாக் கேட்டுக்கம்மா. முதல்ல எங்க தப்புக்கு மன்னிச்சுக்கோ. உங்க தாத்தாகிட்ட இருந்து அம்மா வழியா இது உனக்கு வந்திருந்தா, உனக்குக் கட்டி வர வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு. உன் குழந்தைகளுக்கும் உன் மூலமா வந்தா அப்படித்தான். உனக்குப் பையன் பொறந்து, அவனுக்குப் பிள்ளைங்க பொறக்கறப்ப மறுபடி பார்த்துக்கணும், அவ்வளவுதான். அம்மாவோட ரத்தத்துல பழுது இருக்கான்னு உறுதி பண்ணிட்டுச் சொல்றேன்."

"ஹௌதா?" என்றாள் ரஞ்சனி. அப்புறம் என்னைப் பார்த்து, "ஹௌதா?" என்றாள். நிஜமாகவா என்று அந்தக் கேள்வியை அவள் அறையில் இருந்த ஒவ்வொருவரிடமும், சுவரில் இருந்த அண்ணாவிடமும் கேட்டாள். பத்து நாளாக அழுத கண்ணில் இருந்து வேறுவிதமான அழுகை வந்தது. ரங்கராஜன் எழுந்துபோய், மைசூர்பாக் டப்பாவைத் தட்டில் கொட்டாமல் அப்படியே என் மடியில் வைத்தார்.

மேடம் இன்னும் போனில் இருந்தார். ஸ்பீக்கரை அணைத்து, காதில் வைக்கச் சொன்னார். "அந்த அம்மாவுக்கு இது அவங்க அப்பா வழி. அவங்க கழுத்தைப் பார்த்தியா?"

நிமிர்ந்தேன். பத்தரை மணி வெயில் கூடத்துக்குள் வந்திருந்தது. ரங்கராஜன் மின்விசிறி போட்டிருந்தார். மாமியின் கழுத்தில் மெரூன் ஸ்கார்ஃப் சுற்றியபடியே இருந்தது. அவர் அடுக்களைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"மாமி, அந்த ஸ்கார்ஃபைக் கொஞ்சம் அவிழ்ங்க."

"குளிர்றது" என்றார். நெற்றியில் வேர்வை.

"மாமி."

அவர் அடுப்பை அணைத்தார். "ரெண்டு வருஷமா இருக்கு. நெல்லிக்காய் அளவு. வலி கிலி ஒண்ணும் இல்லை. குரல்தான் மாறிடுத்து. இவ கல்யாணம் ஆகட்டும், ஆமேலே பார்த்துக்கலாம்னு இருந்தேன். பொண்ணோட அம்மாவுக்குக் கட்டின்னு தெரிஞ்சா நாலு பேர் நாலு விதமாப் பேசுவா. நீங்க அன்னிக்குப் போன்ல இவளுக்கும் வரும்னு சொன்னப்புறம் என்னால சொல்லவே முடியலை. எங்கிட்டேருந்துதான் கொடுத்துட்டேனோன்னு ராத்திரி பூரா..." என்றவர் நிறுத்தினார். பிறகு என் முகத்தையே பார்த்தார். "இருங்கோ. எங்கிட்டேருந்து போயிருந்தா இவளுக்கு வராதுன்னுதானே அந்த டாக்டர் சொன்னா?"

"ஆமாங்க மாமி." மார்க்கெட்டில் முருகேசனுக்குச் சொன்ன கடைக் கதையை இரண்டே வரியில் அவருக்கும் சொன்னேன். "உங்கப்பா உங்களுக்குக் குடுத்தது திறந்த கடை. நீங்க ரஞ்சனிக்குக் குடுத்தது ஷட்டர் போட்ட கடை."

"அப்போ எனக்குக் கட்டி இருக்குன்னா, பழுது எங்கிட்டதான் இருக்குன்னு அர்த்தம். அதுக்கு ரத்தம்கூட வேண்டாம். அல்வா? அப்படித்தானே?"

"ரத்தம் பார்த்துத்தான் உறுதியாச் சொல்லணுமுங்க. ஆனா, ஆமா. அப்படித்தான் இருக்கும்."

மாமி அதற்குமேல் நிற்கவில்லை. ஸ்கார்ஃபை உருவிக்கொண்டே கூடத்துக்குப் போனார். மகளின் முன்னால் போய் நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, தாடைக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார்.

"பாருடி, எங்கிட்ட இருக்கு! உனக்கு வராது!"

வியாதியை இப்படிப் பரிசு வாங்கினவர் மாதிரி காட்டின ஒருவரை நான் என் வேலையில் பார்த்ததில்லை. ரஞ்சனிக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் கத்தினாள்.

"எத்தனை நாளா இருக்கு? எத்தனை நாளாம்மா? நினகே புத்தி இல்வா?"

"புத்தி இருக்குடி" என்று மாமி சிரித்தார். "இருக்கறதுனாலதான் உனக்கு ஷட்டரை இறக்கிவிட்டுக் கொடுத்திருக்கேன்."

இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். ரங்கராஜன் மனைவியின் ஸ்கார்ஃபைத் தரையிலிருந்து எடுத்து மடித்தார், திரும்ப மடித்தார், மறுபடியும் மடித்தார். நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம், மூக்கு ஒழுக அழுதேன்.

அப்புறம் ரத்தம் எடுத்தேன். மாமிக்கு நல்ல நரம்பு, முதல் குத்திலேயே கிடைத்தது. மாமிக்கும் மாமாவுக்குமாக நாலு குழாய், ஐஸ் பைகளுக்கு நடுவில் வைத்து மூடினேன். அண்ணாவின் ரத்தம் எடுக்க வந்தவள், அவர் மகளின் கையிலிருந்து அதை எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது படத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, உங்களைப் பேரனாக்கியதற்கு மன்னிச்சுக்குங்க என்றும் சொன்னேன்.

அன்று மதியமே மாமியைச் சோதனைக்கு அழைத்துப்போனார்கள். மறுநாள் காலையில் பெட்டிக்குப் புது ஐஸ் வாங்கிப் போட்டுவிட்டு, நான் ஓட்டலில் மெத்தென்ற தோசையின் மேல் வெண்ணெய் உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரஞ்சனியின் போன் வந்தது. கட்டி இந்த வகைதான். ஆனால் சின்னது, ஒரே ஒரு பக்கம்தான், எடுத்துவிடலாம், இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றாராம் டாக்டர். குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறலாமாம். பின்னணியில் மாமியின் குரல் கேட்டது: "தோசைக்கு சாகு வாங்கிக்கச் சொல்லு, சட்னியோட நிறுத்திடப்போறா." வாங்கிக்கொண்டேன். உருளைக்கிழங்கு சாகும் இனித்தது. இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

பாலாற்றில் பஸ் நின்றது. அதே காக்கிச் சட்டைக்காரர், அதே பெட்டி. அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. சிரித்துக்கொண்டே மோந்து பார்க்கக் குனிந்தார். "சோறு இல்லீங்ணா, ரத்தம்" என்றேன். அவருக்குத் தமிழ் புரியாது என்று நினைத்தேன். புரிந்தது. பஸ்ஸே எழுந்து நின்றது. மேடத்தின் கடிதத்தை அவர் இரண்டு தடவை படித்து, டிரைவருக்குப் படித்துக் காட்டி, கண்டக்டர் அதை எல்லாருக்கும் விளக்கி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள், தன் தங்கைக்கு ஏன் சர்க்கரை வந்தது, தனக்கு ஏன் வரவில்லை என்று மேட்டூர் வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

மேடம் என்னை வைத்துக்கொண்டாரா என்று கேட்டால், வைத்துக்கொண்டார். அரை மணி நேரம். இப்போது எங்கள் விண்ணப்பத்தில் ஒரு புதுக் கேள்வி இருக்கிறது: 'நீங்கள் அண்ணா என்று சொல்பவர் உங்களுக்கு என்ன உறவு?' சேலத்துக்காரர்கள் அதைப் படித்துவிட்டு என்னைப் பைத்தியம் மாதிரி பார்க்கிறார்கள்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. மாமியிடம் பழுது இருக்கிறது, மாமாவிடம் இல்லை. ரஞ்சனிக்கு மேடம் சொல்லிவிட்டார். மாமிக்கு நான் கூப்பிட்டேன். அடுத்த வாரம் அவருக்கு ஆபரேஷன், மாசியில் ரஞ்சனிக்குக் கல்யாணம், நான் வராவிட்டால் அண்ணாவே கோபித்துக்கொள்வாராம்.

"அந்தப் படம் போட்டேளே, அதுல என் வட்டத்தைக் கறுப்பு அடிச்சுட்டேளா?" என்று கேட்டார்.

"அடிச்சுட்டனுங்க மாமி."

"பேஷ். ரஞ்சனியோடது?"

"அது வெள்ளைதானுங்க. நடுவுல ஒரே ஒரு புள்ளி மட்டும் வெச்சிருக்கறேன்."

மாமியின் கரகரத்த குரலில் சிரிப்பு கேட்டது.

"கல்யாணப் பொண்ணு மூஞ்சி பொட்டு இல்லாம இருக்கலாமோ? இருக்கட்டும்."